பத்துக் குஞ்சுக்கு ஒரு காவல்காரன்

கீரிப்பிள்ளையின் மேல் நான் போர் அறிவித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு. ஏழு மணி எட்டு நிமிடத்துக்கு எங்களிடம் பதினோரு கோழிக்குஞ்சுகள் இருந்தன. ஏழு பத்துக்குப் பத்து. நடுவில் இருந்த இரண்டு நிமிடத்தில், என் கண் எதிரிலேயே, மதில் ஓரமாக ஒரு பழுப்பு வால் வந்தது. ஒரு குஞ்சைக் கவ்வியது. போய்விட்டது. நான் கையில் காப்பி டம்ளரோடு நின்றேன். டம்ளரை எறிந்திருக்கலாம். அதில் பாதிக் காப்பி இருந்தது.

கோபம் என்றால் சாதாரணக் கோபம் இல்லை. பதிமூன்று முட்டை வைத்து, இருபத்தொரு நாள் பெட்டை எழுந்திருக்காமல் உட்கார்ந்து, பதினொன்று பொரித்தது. அதையெல்லாம் நாள் தவறாமல் காலண்டரில் குறித்து வைத்தவன் நான். திருடனுக்கு இரண்டு நிமிடம் போதுமாம்.

"இனிமே ஒரு குஞ்சு கொறைஞ்சாலும் நான் மனுசன் இல்ல!" என்று சபதம் செய்தேன். உரக்கச் செய்யவில்லை. எனக்குச் சத்தம் வராது. மேனாம்பேட்டில் பிறந்து அறுபத்தெட்டு வருஷமாக இதே தெருவில் இருக்கிறேன். தெருவில் பாதிப் பேருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. என் மனைவி எல்லம்மாவின் குரல் பக்கத்து ஊரான அண்ணனூர் வரைக்கும் தெரியும்.

அவளுக்குக் காதும் கூர்மை.

"இன்னாயா முணுமுணுன்னுகினு கீறே?"

"ஒரு குஞ்சு கொறைஞ்சாலும் நான் மனுசன் இல்லன்னேன்."

"கொஞ்சம் சத்தமா சொல்லு. கீரி காதுலயும் உழட்டும்."

இங்கே என் சாமான் மூலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன். அப்போதிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து, வீட்டுப் பின்பக்கம் கிழக்கு மூலையில் அடுக்கி வைத்திருக்கிறேன். இரும்புக் குழாய் பதினாலு. சைக்கிள் பிரேம் மூன்று. நாட்டு ஓடு அறுபத்திரண்டு; அதில் உடைந்தது ஒன்பதுதான். ஒரு காரின் முன்கதவு இரண்டு. கார் இல்லை என்பதைத் தவிர இரண்டும் நல்ல கதவு. எல்லம்மா இதைக் குப்பை என்பாள். குப்பை என்றால் யாராவது எண்ணி வைத்திருப்பார்களா?

கோபம் வந்தால் நான் அங்கே போய்க் குழாய்களை நீளவாரியாக அடுக்குவேன். கத்துகிறவர்களுக்குத் தொண்டை. எனக்கு அந்த மூலை.

எல்லம்மாவுக்கும் அந்த மூலை வேண்டும். பக்கத்தில் நாலு மாடி பிளாட் வந்த பிறகு, எங்கள் பின்பக்கத்தில் வெயில் விழுகிற ஒரே இடம் அதுதான். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றே கால் வரைக்கும் விழும். கொடி கட்டித் துணி காயப்போட வேண்டும் என்று ஆறு வருஷமாகக் கேட்கிறாள். ஆறு வருஷமாக நான் "பாக்கலாம்" என்கிறேன். நான் பார்த்தேன், அவள் காயப்போடவில்லை.

போருக்கு வருகிறேன். முதல் ஆயுதம், சாயம். குஞ்சுக்குச் சாயம் பூசிவிட்டால் பருந்துக்கு அடையாளம் தெரியாது. என் அப்பா காலத்திலிருந்து செய்வதுதான். கலர்க் கோலப்பொடியைத் தண்ணீரில் கரைத்து, ஐந்து குஞ்சைப் பச்சையாகவும் ஐந்தை ரோஸாகவும் ஆக்கினேன்.

"ஏன்யா, வந்தது பருந்தா?"

"இல்ல. கீரி."

"கீரி மேலேர்ந்தா பறந்து வந்துச்சு?"

"எதா இருந்தாலும் கொழம்பும்."

"அது கொழம்பாது. கொழம்பு வெச்சித்தான் துன்னும். அந்தப் பெட்டையப் பாரு."

பெட்டைக் கோழி தன் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. பெண் பார்க்கப் போன அன்று எல்லம்மாவின் அம்மா என்னைப் பார்த்த அதே பார்வை. வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொண்டது.

புதன்கிழமை மதியம் எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். பச்சை ஐந்து, ரோஸ் நாலு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாப்பிட்டுவிட்டு இரண்டரையிலிருந்து மூன்று வரைக்கும் கண் அயர்வேன். அந்த அரை மணி நேரத்தைப் பார்த்து வந்திருக்கிறது. இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு இறகு இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்று இறகு கிடந்தது.

"இன்னிக்கி ரொம்ப சுத்தமா எடுத்துகினு போயிருக்கு" என்றேன்.

"கை பழகிடிச்சி போல" என்றாள் எல்லம்மா. "யோவ், நான் சொன்னா கோச்சிக்காத. அது எங்க பூந்துச்சின்னு நான் பாத்தேன்."

"எங்க?"

"ஒன் சாமான்ல. அந்தக் கதவுக்குப் பின்னால."

"இருக்காது."

"சரி, இருக்காது. நாளைக்கு எட்டு இருக்கும்."

வியாழக்கிழமை தூங்கவில்லை. உடையாத ஓடு ஐம்பத்து மூன்றை எடுத்துச் சாமான் மூலையின் எல்லாச் சந்துகளையும் அடைத்தேன். எதிரில் முக்காலி போட்டு, கையில் மூங்கில் கழியோடு, அந்தக் கார்க் கதவையே பார்த்தபடி உட்கார்ந்தேன். வெளியே வரட்டும், ஒரே போடு. பன்னிரண்டு மணி முதல் நாலு மணி வரைக்கும் தலையைத் திருப்பவே இல்லை. எல்லம்மா இரண்டு தடவை மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் கேட்காமல் மோர் வந்தது அன்றுதான்.

நாலு மணிக்குத் திரும்பிக் குஞ்சை எண்ணினேன். எட்டு.

"நான் இங்கியே தானம்மே உக்காந்துகினு கீறேன்! எப்டி வந்துச்சு?"

"ஒனக்குப் பின்னால வந்திருக்கும்."

"நீ பாக்கலியா?"

"நான் மோர் கலக்கிகினு இருந்தேன்."

வெள்ளிக்கிழமை முற்றம் முழுக்க வலை கட்டினேன். ஒவ்வொரு முடிச்சாக இரண்டு தடவை சரி பார்த்தேன். மூலையில் மிளகாய் வற்றலைப் போட்டுப் புகை மூட்டினேன். கீரி இருமவில்லை. நான் ஐந்து மணி வரைக்கும் இருமினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினபோது ஏழு.

சனிக்கிழமை ஒரே நாளில் இரண்டு போயின. பச்சை ஒன்று, ரோஸ் ஒன்று. மிச்சம் ஐந்து. பெட்டை ஐந்தையும் இறக்கைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. காவல்காரன் என்று ஒருவன் இருந்தானே என்பது போல இருந்தது.

அன்று எனக்கு வந்த கோபத்தை எழுத என்னிடம் எழுத்து இல்லை. கழியை முழங்காலில் வைத்து உடைத்தேன். கழி உடையவில்லை. முழங்கால் வீங்கியது.

"கீரிய விடு, அதும் பாவம்" என்றாள் எல்லம்மா, வீக்கத்துக்கு உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே. "அதுக்குன்னு ஊடு கட்டிக் குடுத்தா அது இருக்கத்தான் செய்யும். ஒனக்கு அந்தக் கொழா முக்கியமா, வாயில்லா ஜீவன் முக்கியமா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் இல்லய்யா. ஒண்ணத்தான் எடுக்கணும். மிச்சம் கீற அஞ்சுக்கு அஞ்சு நாள்தான். இன்னிக்கி மாதிரி ரெண்டு ரெண்டாப் போனா மூணே நாள்."

அவள் கணக்கில் தவறு இல்லை. அதுதான் என்னை அசைத்தது. அந்தப் பதினாலு குழாயையும் மனதுக்குள் ஒரு தடவை நீளவாரியாக அடுக்கிப் பார்த்தேன். பிறகு அந்த ஐந்து குஞ்சைப் பார்த்தேன். ஒரு ரோஸ் குஞ்சு என் கட்டைவிரலைக் கொத்தியது.

"எடுத்துர்லாம்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். எல்லம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பழைய இரும்பு வண்டிக்காரன் தங்கராஜைக் கூப்பிட்டு வரலாம் என்று கதவைத் திறந்தேன். தங்கராஜ் வாசலில் நின்றான். வண்டியோடு, கயிறோடு, கையுறை போட்டுக்கொண்டு நின்றான்.

"நீ எப்பிட்றா வந்தே?"

"சும்மா இப்டிக்கா வந்தேன் அண்ணாத்தே."

கையுறை போட்டுக்கொண்டு யாராவது சும்மா வருவார்களா? அப்போதே யோசித்திருக்க வேண்டும். கோபம் வந்தால் எனக்கு யோசனை நின்றுவிடும்.

மூன்று நடை ஆயிற்று. ஒவ்வொரு குழாய் போகும்போதும் எண்ணினேன். பதினாலாவது குழாய் தெருமுனை திரும்பும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் எடுத்த பிறகு தரையைப் பார்த்தால் கீரி இல்லை. கீரியின் வளை இல்லை. ஒரு பொந்து கூட இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் தொலைந்த என் குறடு மட்டும் இருந்தது. அதையும் தங்கராஜ் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"கீரி எங்கம்மே?"

"வண்டி சத்தத்துக்கு ஓடிப் பூடுச்சி" என்றாள். அவள் கையில் நைலான் கயிறு இருந்தது. அரை மணி நேரத்தில் கொடி கட்டிவிட்டாள். ஆணி கூட என்னிடம் கேட்கவில்லை.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அந்த மூலையில் ஏழு புடவை காய்ந்தது. குஞ்சு ஐந்து, குறையவில்லை. என் தியாகம் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது வாசலில் மணி அடித்தது. எல்லம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் திறந்தேன்.

பிளாட்டில் இரண்டாவது மாடியில் இருக்கிற பெண், கிருஷ்ணப்பிரியா. கோபிச்செட்டிப்பாளையத்துப் பக்கம் ஊர். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறது. மூன்று வருஷமாகப் பார்த்தால் தலையாட்டுவேன். ஒரு வார்த்தை பேசினதில்லை. கையில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருந்தது. பெட்டி கீச்சென்றது.

"அங்கிள், ஆன்ட்டி இல்லீங்களா? இடம் காலியாயிருச்சுன்னு பால்கனியில இருந்து பார்த்தேனுங்க. அதான் கொண்டாந்துட்டேன்."

பெட்டியைத் திறந்தேன். பச்சை இரண்டு. ரோஸ் மூன்று.

"அஞ்சும் நல்லா சாப்பிடுதுங்க அங்கிள். பல்பு போட்டு வெச்சிருந்தேன். மீட்டிங்லதான் கீச்சு கீச்சுங்குதுங்க. எங்க மேனேஜர், யாரு மைக்கை ஆஃப் பண்ணலைன்னு எல்லாரையும் திட்டிட்டாரு. அதுல ஒரு பச்சை மட்டும் என்கிட்ட ரொம்ப ஒட்டிருச்சுங்க."

"எப்பலேர்ந்து..." என்றேன்.

"புதன்கிழமையில இருந்துங்க. ஆன்ட்டி தினம் ஒண்ணு ரெண்டா முந்தானையில மூடிக் கொண்டாருவாங்க. அங்கிள் அந்த மூலையைக் காலி பண்றவரைக்கும் பத்திரமா வெச்சிரு கண்ணுன்னாங்க. பாவம், கீரி தொல்லையாமுங்க. நீங்களும் ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமா?"

எனக்குள் எரிமலை. வாயைத் திறந்தேன்.

"ரொம்ப நன்றிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? ஊரார் பெண்.

எல்லம்மா பையோடு உள்ளே வந்தபோது பத்துக் குஞ்சும் முற்றத்தில் மேய்ந்தன. எண்ணத் தெரியாதவள் போலத் தாண்டிப் போனாள்.

"நில்லு!" என்றேன். "நீதான் கீரியா?"

"மொத ஒண்ணு நெஜக் கீரிதான் எடுத்துச்சு. ஒன் கண்ணு முன்னாலதான?"

"மிச்சம் அஞ்சு?"

"நீ காவல் காத்த லட்சணத்தப் பாத்தேன். டம்ளரப் புட்சிகினு நின்ன. இது ஆவாதுன்னு நானே பத்திரமா வெச்சேன். ஒண்ணு செத்துச்சா? சொல்லு, செத்துச்சா?"

"சாவல."

"பின்ன எதுக்குக் கோச்சிக்கிற?"

"என்ன ஏமாத்திட்ட! கீரி சாமான்ல பூந்துச்சின்னு பொய் சொன்ன!"

"பொய் இல்லய்யா. செவ்வாக்கெழம பூந்துச்சு. அந்தாண்ட பக்கம் வெளிய பூடுச்சு. வெளிய போச்சான்னு நீ கேக்கல."

என் வாழ்நாளில் முதல் தடவையாகக் கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பெட்டைக் கோழி பயந்து மதிலேறியது. பிளாட்டில் இரண்டு ஜன்னல் திறந்தன. "இனிமே இந்த ஊட்ல என் சாமான்ல ஒரு ஆணி கூட வெளிய போவக் கூடாது! தெரிதா?" என்றேன். வழக்கம்போல மூலைக்குப் போகத் திரும்பினேன். அடுக்குவதற்கு ஒன்றும் இல்லை. ஈரப் புடவை ஒன்று முகத்தில் அடித்தது.

எல்லம்மா பையை இறக்கி வைத்தாள். அடுப்படிக்கு மேலே இருக்கிற பரணை அண்ணாந்து பார்த்தாள். அதில் என் பழைய மின்விசிறி மூன்றும், ரேடியோ இரண்டும், மூடி இல்லாத டப்பா நாற்பதும், டப்பா இல்லாத மூடி இருபத்தாறும் இருக்கின்றன.

"ஏன்யா, ரெண்டு நாளா பரண் மேல ஏதோ உருள்ற சத்தம். மரநாயா இருக்குமோ? அது கீரிக்கு மேல கோழி துன்னுமாம்."

சொல்லிக்கொண்டே முற்றத்தில் குனிந்தாள். என் எதிரிலேயே, ஒளிக்காமல், ஒரு ரோஸ் குஞ்சை எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

"அத எங்கம்மே எடுத்துகினு போறே?"

"பத்திரமா வெக்கத்தான். பரணு காலியாவ எத்தினி நாள் ஆவும்?"

நான் யோசித்தேன். மின்விசிறி, ரேடியோ, டப்பா, மூடி. எதையும் தோராயமாகச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"ரெண்டு நாள்" என்றேன்.

"அப்ப ரெண்டு போதும்" என்று அவள் இன்னொரு குஞ்சை எடுத்தாள். நான் ஏணியை எடுத்தேன்.