டூலெட் அக்கா பார்த்த மும்பை

சங்கரன்கோவிலில் காலியான எந்த வீடும் டூலெட் அக்காவுக்குக் காட்டாமல் அடுத்த குடித்தனத்துக்குப் போனதில்லை. கலெக்டரே ஊருக்குள் ஒரு பங்களாவைக் காலி செய்தாலும், அக்கா போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பூட்டுப் போட முடியும்.

இத்தனைக்கும் அவளுக்குச் சொந்த வீடு இருந்தது, எங்கள் தெருவிலேயே. முன்கட்டில் அவள் கணவரின் விசைத்தறிகள் ஓடும். அந்தச் சத்தத்தில் பின்கட்டில் இருவரும் சைகையிலேயே குடும்பம் நடத்துவார்கள். வீடு மாறும் எண்ணம் அவளுக்குக் கனவிலும் கிடையாது. ஆனால் ‘வீடு வாடகைக்கு’ என்று ஓர் அட்டை தொங்கினால் போதும், ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவாள்.

அவள் பார்க்கும் முறையே தனி. முதலில் குழாய். பிறகு அடுக்களையில் நின்று, இல்லாத கல்லில் இல்லாத தோசையைச் சுற்றுவாள். முழங்கை சுவரில் இடித்தால் அந்த அடுக்களை ஃபெயில். கடைசியாகக் கூடத்தின் நடுவில் மல்லாந்து படுத்து, காற்று வருகிறதா என்று கண்ணை மூடிப் பார்ப்பாள். வீட்டுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

“குடி போகப் போறதில்ல. பெறவு எதுக்குக்கா இந்த வேல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“துணிக்கடைல அம்பது சேலைய விரிச்சுப் பாத்துட்டு சும்மா எந்திரிச்சு வாரோம்லா? வீட்டப் பாத்தா மட்டும் குத்தமாட்டி?”

எனக்கு மும்பையில் ஒரு கப்பல் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. அப்பாவோ சிவகிரியில் ஒரு மாப்பிள்ளையைப் பேசி வைத்திருந்தார். இருவருக்கும் நடுவில் நின்று அம்மா முடிவு சொன்னாள். ஒரு வாரம் தவணை. அதற்குள் பாதுகாப்பான இடம் கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் சிவகிரி.

துணைக்கு யார் போவது? அப்பா வர மறுத்துவிட்டார். அம்மாவுக்குக் காலில் மாவுக்கட்டு. “வீடு பாக்கதுல அவளுக்கு மிஞ்சி ஆளு உண்டா?” என்று அம்மாதான் அக்காவின் பெயரைச் சொன்னாள். கேள்விப்பட்ட அக்கா, ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கும்போதே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

செம்பூரில் சித்தப்பா வீட்டில் இறங்கினோம். ஒரே அறை, அதில் ஏற்கெனவே ஐந்து பேர். அக்கா தரையில் படுத்து எழுந்து, “காத்தே இல்லையே கொழுந்தனாரே. எப்படி இருக்கிய?” என்றாள். சித்தப்பா அன்றைக்கே எங்கள் திரும்பும் டிக்கெட்டைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்.

ஆபீசுக்குப் பக்கத்தில் ஓர் அறை கிடைத்தால் போதும் என்பது என் கணக்கு. “ஊரையே பாக்காம வீட்ட எப்படிட்டி பாக்கது?” என்பது அவள் கணக்கு. எனவே மும்பையை ஏரியா ஏரியாவாக அலசினோம்.

மாட்டுங்காவில் பூக்கடைத் தெருவைப் பார்த்ததும், “இது நம்ம ஊரு ஆடித்தவசுத் திருவிழா மாதிரிலா இருக்கு!” என்று மல்லிகை வாங்கிச் சூடிக்கொண்டாள். பார்த்த வீடும் நல்ல வீடு. ஆனால் இரவு எட்டு மணிக்கு மேல் கதவைத் திறக்க மாட்டார்களாம். சயானில் மீன் சமைக்கக் கூடாது என்றார்கள். “சமைக்கல. பொரிச்சுக்கிடலாமா?” என்று அக்கா கேட்டாள். அத்தோடு அந்த வீடும் போயிற்று.

எல்லோரிடமும் தமிழ்தான். மெதுவாகவும் சத்தமாகவும் பேசினால் தமிழ் யாருக்கும் புரியும் என்பது அவள் நம்பிக்கை. வேடிக்கை என்னவென்றால், புரியவும் செய்தது. சிவ்ரியில் ஒரு தரைத்தள வீட்டுக்குப் போனோம். அறைக்கு முதல்நாளே ஆள் வந்துவிட்டது. நான் திரும்பினேன், அக்கா உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டு மராத்திக்கார அம்மா அவல் தாளித்துக் கொடுத்து, துறைமுகத்து ஓரமாக எங்களை அழைத்துப் போய்ச் சேற்றில் நின்ற ஆயிரக்கணக்கான இளஞ்சிவப்புப் பறவைகளைக் காட்டினார். பின்னால் கப்பல்கள், முன்னால் பறவைகள். அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்து பறவைகளை எண்ண ஆரம்பித்தாள். நூறைத் தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து.

கொலாபாவில் நடந்ததைச் சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. கடல் பார்த்த பன்னிரண்டாவது மாடி வீடு ஒன்றில், ஒரு புரோக்கரைப் பிடித்து அக்கா ஏறிவிட்டாள். பளிங்குத் தரையைக் கண்டதும் மல்லாந்து படுத்தாள். வீட்டுச் சொந்தக்காரரின் நாய் வந்து மோந்து பார்த்துவிட்டு, அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. சொந்தக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

“கல்லு குளுகுளுன்னு கெடக்கு. ஆனா அடுப்படி பத்தாது. வேண்டாம்னு சொல்லிரு” என்று எழுந்தாள் அக்கா.

“யக்கா, தாரேன்னு சொன்னாத்தான வேண்டாம்னு சொல்லணும்!”

இப்படியே வாரம் ஓடிவிட்டது. தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தர மாட்டோம் என்று எத்தனை வாசலில் கேட்டேனோ, நினைவில்லை. கடைசி நாள், மஜ்காவ் பகுதியில் ஒரு பழைய மரப்படிக் கட்டடம். ஜன்னலில் கப்பல் பழுது பார்க்கும் கிரேன்கள் தெரியும். மூன்றாவது மாடிக்காரர் பாதிக் கதவைத் திறந்து, “ஃபேமிலி ஒன்லி” என்று சொல்லிச் சாத்தினார். அதே நேரத்தில் சித்தப்பாவின் போன். மறுநாளைக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று.

படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

“அழாதட்டி மக்கா. தண்ணி குடி” என்ற அக்கா, தண்ணீர் இல்லாததைக் கண்டு எதிர்க் கதவைத் தட்டினாள். கவுன் போட்ட, நரைத்த கிராப்புத் தலை அம்மா ஒருவர் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சுத்தமான தமிழில் கேட்டார்:

“எங்கே வலி?”

எனக்கு அழுகை நின்றுபோனது. கோவாக்காரர் அவர், ரிட்டயர்டு நர்ஸ். கூட வேலை பார்த்த தமிழ் நர்சுகளிடம் மூன்றே வாக்கியங்கள் கற்றிருந்தார். எங்கே வலி, வாயைத் திற, மூச்சை இழு.

இது தெரியாத அக்கா நேர்மையாகப் பதில் சொன்னாள். “அவளுக்கு மனசுல. எனக்கு முட்டுல. இம்புட்டுப் படி ஏறுனா வலிக்காதா?”

முட்டைத் தொட்டுக் காட்டியதால் அது புரிந்துவிட்டது. சிஸ்டர் உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்து, தைலம் எடுத்து அக்காவின் முட்டில் தேய்த்தார். டீ வந்தது. அவர் கொங்கணியில் பேச, இவள் நெல்லைத் தமிழில் பேச, இருவரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். பாத்ரூம் எங்கே என்று கேட்டு எழுந்த அக்கா, வேண்டுமென்றே வேறு கதவைத் திறந்தாள் என்று நான் இன்றும் சந்தேகப்படுகிறேன்.

உள்ளே ஒரு கட்டில், அட்டைப் பெட்டிகள், கனடாவுக்குப் போய்விட்ட மகனின் சாமான்கள். பெட்டிகளுக்கு நடுவில் அக்கா மல்லாந்து படுத்தாள்.

“ஏட்டி, துறைமுகத்துக் காத்து சும்மா சிலுசிலுன்னு வருது. கேளு.”

“இது வாடகைக்கு விடுத வீடு இல்லக்கா!”

“நீ கேக்காம அவிய எப்படி விடுவாவ? கேளுங்கேன்லா.”

வெட்கத்தை விட்டு ஆங்கிலத்தில் கேட்டேன். என் வேலையை, ஒரு வாரத் தவணையை, நாளைய டிக்கெட்டை எல்லாம் சொன்னேன். சிஸ்டர் தலையை ஆட்டினார். முடியாது, டிசம்பரில் மகன் வருவான். அதைத் தமிழில் சொன்னேன்.

“வரட்டும். அன்னைக்கு இவ ஹால்ல படுத்துக்கிடுவா. அதுவரைக்கும் ராத்திரி ஒங்க கூடப் பேசதுக்கு ஒரு ஆளு வேண்டாமா?”

இதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். சிஸ்டர் அந்த அறையை ஒரு சுற்று பார்த்தார். தரையிலிருந்து எழுந்திருக்கும் உத்தேசமே இல்லாத அக்காவையும் பார்த்தார்.

“மூச்சை இழு” என்றார்.

அக்கா இழுத்தாள். சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்து, “ஒன் மந்த்” என்று என்னிடம் விரலைக் காட்டினார்.

அங்கேதான் என் கல்யாணம் வரைக்கும் இருந்தேன். டிசம்பரில் மகன் வந்தார். ஹாலில் படுத்தவர் அவர்தான். சிவகிரி மாப்பிள்ளைக்கு வேறு நல்ல இடம் அமைந்தது. எனக்கு ஒரு வேலையும், ஒரு ஊரும், டிபன் கட்டிக் கொடுக்க ஒரு சிஸ்டரும் கிடைத்தார்கள். அக்கா அன்றைக்குப் படுத்த தரைக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சமல்ல.

இன்றைக்கும் மும்பையில்தான் இருக்கிறேன். போன மழையில் ஊரே மிதந்ததை டிவியில் காட்டியிருக்கிறார்கள். முதல் போன் அக்காவிடமிருந்துதான். பின்னால் தறிச் சத்தம். அதற்கு மேலே அவள் கத்தல்.

“சிஸ்டரம்மா மாடி, பயமில்ல. சிவ்ரிக்காரி வீடு தரையோடலா கெடக்கு? தண்ணி ஏறிச்சான்னு கேளு. பூக்காரி கடைய எடுத்து வச்சிட்டாளா? நீ சாப்ட்டியாட்டி?”

“சாப்ட்டேன்க்கா” என்று சொல்லி போனை வைத்தேன். அவளிடம் சொன்ன பொய்யை உண்மையாக்க, உடனே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.