நூகு பாயின் புதுக் காலண்டர்

விருதுநகரில் பருப்பு மில் வைத்திருக்கும் முகம்மது நூகு, வருஷத்துக்கு ஒரு முறை சிகரெட்டை விடுவார். டிசம்பரில் அறிவிப்பு, ஜனவரி ஒன்றில் அமல், இரண்டாம் தேதி வாபஸ். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக இதில் ஒரு தடவையும் தேதி தவறியதில்லை.

போன டிசம்பர் தொடக்கத்தில் டாக்டர் அவருடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "உள்ளே அடுப்பு வெச்சிருக்கீங்களா?" என்றார். சீனி வியாதிக்கு எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்று ஏற்கனவே எச்சரித்திருந்தவரும் அவர்தான். வீட்டுக்கு வந்த நூகு பாய் செருப்பைக் கழற்றுமுன் முழங்கினார்.

"பைரோஜா! ஜனவரி ஒண்ணுலேருந்து தொட மாட்டேன். இது ஆம்பளை சொல்லு."

"போன வருசம் சொன்னது?"

"அது வாய் சொன்னது. இது மனசு சொல்லுது. வேணும்னா ஊரெல்லாம் சொல்லு. எனக்கென்ன பயம்?"

"சொல்லட்டுமா?"

"தாராளமா!"

அவர் மனைவி பைரோஜா கான்வென்டில் படித்தவள். வாயால் சொன்னதை எழுத்தில் வாங்கி வைக்காவிட்டால் அது பேச்சாகாது, காற்று என்று அவளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். அதோடு விட்டுவிட்டு, அடுப்பில் இருந்த ஆணக் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

மில் பெயரில் வருஷாவருஷம் சிவகாசியில் இரண்டாயிரம் தினசரி காலண்டர் அடிப்பார்கள். விருதுநகரிலிருந்து சாத்தூர் வரைக்கும் பருப்பு வாங்கும் மளிகைக் கடை, டீக்கடை, பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் இலவசம். அச்சகத்திலிருந்து ப்ரூஃப் செல்லுக்கு வந்தது. நூகு பாய் அதில் பார்த்தது ஒன்றே ஒன்று, தம் போட்டோ. பல்லை வெளுக்கச் சொன்னார். முடியைக் கறுக்கச் சொன்னார். மிச்சத்தைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டும். எனவே பைரோஜாவுக்கு அனுப்பிவிட்டு, 'எல்லாம் வீட்டம்மா சொல்ற மாதிரி போட்டுருங்க' என்று அச்சகத்துக்கும் சொல்லிவிட்டார்.

ஜனவரி ஒன்று, எப்படியோ கழிந்தது. இரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு மில்லுக்கு எதிரே கருப்பணன் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"கருப்பணா, ஒண்ணு குடு."

கருப்பணன் என்றுமில்லாத மரியாதையோடு நீட்டினான். தீப்பெட்டியை அவனே உரசினான். டீயை ஆற்றிக்கொண்டே உள்ளே போய்த் திரும்பி வந்தான். இரண்டாவது இழுப்பில் செல் அடித்தது.

"கருப்பணன் கடையா?" என்றாள் பைரோஜா.

"இ... இல்லையே! பேங்க்ல இருக்கேன்."

"பேங்க்ல எதுக்கு வடைச் சட்டி சத்தம்? தலையைத் தூக்கிச் சுவத்தைப் பாருங்க."

பார்த்தார். அவர்தான், வெள்ளைப் பல்லும் கறுப்பு முடியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே கொட்டை எழுத்து. அதற்குக் கண்ணாடியே தேவைப்படவில்லை.

'எங்கள் உரிமையாளர் ஜனாப் முகம்மது நூகு அவர்கள் ஜனவரி 1 முதல் புகைப்பதில்லை. மீறிப் புகைக்கக் கண்டவர்கள் கீழ்க்காணும் எண்ணுக்குத் தெரிவித்தால், ஒரு கிலோ முதல்தரத் துவரம்பருப்பு பரிசு.'

எண், பைரோஜாவுடையது.

சாப்பாட்டு நேரத்தில் வீடு ரெண்டுபட்டது.

"எம் மானம் போச்சு!"

"அது புகையாப் போயி முப்பது வருசமாச்சு. நான் சாம்பலைத்தான் அள்ளுனேன்."

"அறிவிருக்கா உனக்கு? நானா குடிக்கேன்? பழக்கம் குடிக்க வைக்குது. இது ஒரு நோயி. பேப்பர்லயே போட்டிருக்கான்."

"நோன்பு முப்பது நாளும் பகல் பூரா வாயில வைக்காம இருக்கீக. அப்ப அந்த நோயி எங்கன போகுது, லீவுல ஊருக்கா? காளிராஜ் அண்ணன் பட்டாசுக் கம்பெனிக்குப் போனா அரை நாள் கையைக் கட்டிட்டு இருக்கீக. அங்கன வெடிக்கும்னு பயம். இங்கன நான் வெடிக்க மாட்டேன்னு தைரியம்."

"பருப்பு எம்புட்டு விலை விக்குது தெரியுமாடி?"

"பருப்பும் உங்க பருப்பு. வாயும் உங்க வாய். குடிக்கிறதும் நீங்க, கொடுக்கிறதும் நீங்க. நடுவுல போன் எடுக்கிற எனக்கென்ன வந்துச்சு? இன்னொரு கரண்டி சோறு வைக்கவா?"

சொல்ல அவள் ஒரு கிலோ தந்தால், சொல்லாமலிருக்க நாம் இரண்டு கிலோ தருவோம் என்று முடிவு கட்டினார் நூகு பாய். மறுநாள் பொட்டலத்தோடு போனார்.

"இந்தா கருப்பணா. நீ எதையும் பார்க்கலை."

"நியாயம்தானே பாய்! வாயைத் திறக்க ஒரு கிலோ, மூட ரெண்டு கிலோ. மூடுறதுதான் கஷ்டமான வேலை."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பைரோஜா சொன்னாள்: "கருப்பணன் வீட்டுல மூணு கிலோ சேர்ந்துருச்சாம். சாம்பார் வச்சு மாளலைங்கான்."

ஊரே வேண்டாம் என்று ஸ்கூட்டரை ஆமத்தூருக்கு விட்டார். ஊர்க்கோடியில் ஒரு பெட்டிக்கடை. ஒரு சிகரெட்டை வாங்கி வாயில் வைத்தார். இன்னும் பற்றவைக்கக்கூட இல்லை.

"பாய், ஒரு சந்தேகம்," என்றாள் கடைக்காரி பேச்சியம்மாள், காலண்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து. "எங்க வீட்டுல துவரை நெறையாக் கெடக்கு. உளுந்தாத் தருவீகளா?"

சிகரெட் வாயிலிருந்து தானே விழுந்தது.

அன்றைக்குத்தான் நூகு பாய்க்கு ரோஷம் வந்தது. நுரையீரலுக்கு வராத ரோஷம், டாக்டருக்கு வராத ரோஷம், கோடவுனில் மூட்டை குறைந்ததும் வந்தது. இனி ஒரு மணி பருப்புகூட வெளியே போகாது! கிராம்பை மென்றார். ஏலக்காயை மென்றார். பேனா மூடியை மென்றார். லோடுமேன் பாண்டி, "நம்மளையும் கடிச்சுருவாகளோ?" என்று தள்ளி நின்று மூட்டை தூக்கினான். முதல் வாரம் காலிச் சட்டைப் பையைத் தடவித் தடவிப் பார்த்தார். இரண்டாம் வாரம் மில்லில் எல்லாரிடமும் சண்டை. மூன்றாம் வாரம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. தமக்கே வெட்கமாக இருந்தது, இவ்வளவு நாள் நம்மால் முடிந்துதான் இருந்திருக்கிறது என்று.

நாற்பதாம் நாள். வழியில் ஒரு சின்ன ஜோலியை முடித்துக்கொண்டு, கைக்குட்டையால் வாயை அழுந்தத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குள் நுழைந்தார்.

"பைரோஜா! நாப்பது நாள். ஒரு ஆளு போன் பண்ணியிருப்பானா? சொல்லு பாப்போம்!"

"இப்பத்தான் ஒரு போன் வந்துச்சு."

"பொய்! பச்சைப் பொய்! பருப்புக்கு ஆசைப்பட்டுச் சொல்றான். அல்லா மேல ஆணையா நான் சிகரெட்டைத் தொடலை!"

"சிகரெட்டுன்னு யாரு சொன்னா?" பைரோஜா அவருக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "எண்ணெய்ப் பரோட்டா நாலு, சால்னா ரெண்டு தடவை. 'சீனி வியாதிக்காரரு தின்னாரு, இதுக்கும் பருப்பு உண்டா'ன்னு கடைக்காரரு கேட்டாரு. உண்டுன்னு சொல்லிட்டேன்."