மாடிக்கு ஏறிய ரசம்

எனக்குப் பொறாமை உண்டு. இதில் ஒளித்துப் பேச என்ன இருக்கிறது? ஆனால் ஊரில் மற்றவர்கள் நகையைப் பார்த்து, சேலையைப் பார்த்து, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். நான் பொறாமைப்பட்டது ஒரு ஃபிரிட்ஜைப் பார்த்து.

திருச்செங்கோட்டில் எங்களுடையது கூட்டு வீடு. கீழே நானும் மாமியாரும், மாடியில் என் கொழுந்தனார் பெண்டாட்டி சுகன்யா. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்விட்டால் மாதக்கணக்கில் வரமாட்டார்கள். மாடிக்குத் தனி மீட்டர் வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டேயிருந்தார்கள், வாங்கவில்லை. அதனால் ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே கரண்ட் பில்.

என்னுடைய ஃபிரிட்ஜ் என் அப்பா சீர் கொடுத்தது. எடப்பாடியிலிருந்து மினிடோர் வண்டியில் ஏற்றி, பள்ளம் வந்தால் சாய்ந்துவிடும் என்று வழிநெடுக அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார். அன்று வைத்த குங்குமப் பொட்டைக்கூட நான் துடைத்ததில்லை. (துடைத்தால் துரு தெரியும் என்பது வேறு விஷயம்.)

பதினாறு வருஷம் வீட்டுக்கு அது ஒன்றுதான் ஃபிரிட்ஜ். அப்புறம் சுகன்யாவின் அண்ணன்மார் அவளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். ரெண்டு கதவு, வெள்ளி நிறம். திறந்தால் உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மாமியார் சாமிக்கு வாங்கும் மல்லிகைப் பூவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சின்னவ பிரிஜ்ஜுல வெச்சா பூ வாடறதே இல்ல புள்ள" என்றார். முட்டி வலி என்று மலைக்கோயிலுக்கே கார் கேட்பவர், பூ வைக்க மட்டும் மாடிப்படி ஏறினார்! எனக்கு வயிறு எரிந்தது. சுகன்யாவாவது கொஞ்சம் திமிராக இருந்து தொலைக்கக் கூடாதா? அதுவும் கிடையாது. எந்நேரமும் "அக்கா, அக்கா" என்று சிரிக்கிற பிறவி.

அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் பில் எகிறியது. "எது இந்தக் குடி குடிக்குது?" என்று மாமியார் கூடத்தில் நின்று கத்தினார். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. ரெண்டு கதவு, அத்தனை வெளிச்சம். வேறு எது குடிக்கும்?

வாயால் சொன்னால் பொறாமை என்பார்கள். (உண்மைதான், ஆனால் சொல்லக் கூடாதல்லவா?) ஆகவே ஆதாரம் தேட ஆரம்பித்தேன். சுவர் பிளக்குக்கும் ஃபிரிட்ஜ் ஒயருக்கும் நடுவில் மாட்டினால் எத்தனை யூனிட் ஓடியது என்று காட்டும் சின்னப் பெட்டி ஒன்று இருப்பதாக செல்போனில் பார்த்தேன். கீழே ஒன்று, மேலே ஒன்று என்று ரெண்டு வரவழைத்தேன்.

"ஞாயித்துக்கெழமை எங்கப்பா சாப்பாட்டுக்கு வாராருங்க அத்தை. எல்லாரு முன்னாடியும் பாத்துரலாமுங்க" என்றேன். அப்பா கொடுத்த ஃபிரிட்ஜின் மானத்தை அப்பா முன்னாலேயே நிலைநாட்டுவதாகத் திட்டம்.

சனிக்கிழமை காலையில் ரெண்டு பெட்டியையும் மாட்டினேன். அவை ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. நடுவில் எட்டிப் பார்க்கவும் இல்லை, அவ்வளவு நம்பிக்கை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சுகன்யாவின் ஃபிரிட்ஜ் குடிப்பதை இன்னும் கொஞ்சம் குடிக்கட்டுமே என்று தோன்றியது.

அடுப்பிலிருந்து இறக்கிய ரசத்தைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். "என் பிரிஜ்ஜுல எடமில்ல சாமி, இங்க வெச்சுக்கறேன்."

"வெச்சுக்கங்கக்கா, இதுக்கெல்லாம் கேக்கோணுமா? ஆனா ஆவி பறக்குதுங்களே, கொஞ்சம் ஆறட்டுமே?"

"பரவால்ல, பரவால்ல."

அடுத்து கொதித்த பால். அடுத்து பருப்புக் குழம்பு. சாயந்திரம் ஒரு குண்டான் வெந்நீரையே கொண்டுபோய் வைத்தேன். (அதற்கு என்ன காரணம் சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.) ஒவ்வொரு தடவையும் கதவை அகலத் திறந்து வைத்து, எதையோ தேடுகிற மாதிரி நின்றேன். கீழே என் ஃபிரிட்ஜையோ காலி செய்து, யாரும் தொடக்கூடாது என்று கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டுவிட்டேன். ஐஸ் தண்ணீர் கேட்ட என் மகளைக் குழாயில் பிடித்துக் குடிக்கச் சொன்னேன். இந்த லட்சணத்தில் அன்றைக்கு மட்டும் எத்தனை தடவை மாடி ஏறினேனோ, கெண்டைக்கால் கல்லாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கோழிக் குழம்பு சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தேன். முதலில் மாடி. ஃபிரிட்ஜை நகர்த்தி, பெட்டியில் தெரிந்ததை மாமியார் வாய்விட்டுப் படித்தார். ஒரு யூனிட்டும் சொச்சமும். இவ்வளவு வெந்நீரைக் குடித்தும் இவ்வளவுதானா? கீழே வந்தோம். என் ஃபிரிட்ஜின் பின்னால் இருந்ததை மாமியார் ஒரு தடவை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"மூணரை!"

"அது பெட்டியில கோளாறுங்க அத்தை" என்றேன்.

அப்போதுதான் சுகன்யா எனக்குப் பரிந்து பேசினாள். நாசமாய்ப் போக, நல்ல மனசோடுதான் பேசினாள். "ஏனுங்கத்தை, பெட்டியில கோளாறுதானுங்க. மேல இன்னும் ஜாஸ்தியா வந்திருக்கோணும். அக்கா பாவம், நேத்து பூராவும் ரசம், பாலு, வெந்நின்னு கொதிக்கக் கொதிக்கத் தூக்கிட்டு ஏறி எறங்கிட்டே இருந்தாங்க. அவிங்க பிரிஜ்ஜுல எடமில்லைன்னு."

மாமியார் நாற்காலியை நகர்த்தி என் ஃபிரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூமி பிளந்தால் இறங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

கடைசி நம்பிக்கையாக அப்பாவைப் பார்த்தேன். சீர் கொடுத்த மனிதர், அவருக்கு ரோஷம் வராதா? அப்பா குனிந்து குங்குமப் பொட்டைத் தடவிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதையா இன்னும் ஓட்டிட்டு இருக்கற? அன்னிக்கு இதுல ரெண்டு வாங்குனேன். நம்மூட்டுல இருந்ததை உங்கம்மா எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டுட்டா!"

மாமியார்தான் முதலில் சிரித்தார். அப்பா சிரித்தார். சுகன்யாவுக்கு விஷயம் மெதுவாகப் புரிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சிரிப்புச் சத்தம் மட்டும் கீழே வந்தது. நான் அழுதுவிட்டேன். சாயந்திரம் அவளே இறங்கி வந்தாள். "அக்கா, என்ர பிரிஜ்ஜுல நடுத்தட்டைக் காலி பண்ணிட்டனுங்க. இனி அது உங்களுதுதான்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது என் ஃபிரிட்ஜில் கரண்ட் கிடையாது. பட்டுச்சேலைகளை அடுக்கி வைத்திருக்கிறேன், அந்த ரெண்டு பெட்டியும் அதற்குள்தான் கிடக்கின்றன. தயிரும் மாவும் மாடியில், நடுத்தட்டில். இந்த விஷயம் ரிக் வண்டியோடு வடக்கே வரை போய்ச் சேர்ந்துவிட்டது. சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் ரசவாளி என் பக்கம் வந்தாலே யாராவது, "அவிங்க கையில குடுத்துராதீங்க, மாடிக்குப் போயிரும்" என்கிறார்கள்.

போன மாதம் சுகன்யா ஏசி வாங்கினாள். நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக. அடுப்படியில் நின்று ரசத்தைக் கொஞ்சம் வேகமாகக் கிண்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"சின்னவளே, மாடிக் கதவைச் சாத்திக்க சாமி. ரசம் கொதி வந்துருச்சு!"