கை கழுவ முடியாமல் போன நிச்சயதார்த்தம்

தங்கள் முட்டாள்தனத்தை அறிக்கையாக எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவர்கள் குறைவு. நான் கொடுத்திருக்கிறேன்.

மாதாப்பூரில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் எனக்கு முதல் வேலை. கோடை மாலைகளில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும். அந்த ஓரிரு மணி நேரத்துக்காகப் புது மின்நிலையம் கட்டுவதா, இல்லை, அப்போது மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி மக்களைக் கேட்பதா? இரண்டின் செலவையும் ஒப்பிட வேண்டும். மின்நிலையத்துக்குப் பக்கம் பக்கமாகச் செலவு எழுதினேன். மக்களைக் கேட்பதற்குப் பூஜ்யம் போட்டேன். (கேட்பதற்கு என்ன காசா?)

மேலாளர் அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி வட்டம் போட்டார். ஒரு கட்டடத்தில் செய்து பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

ஹப்சிகுடாவில் எங்கள் அடுக்ககம் இருந்தது. அப்பாதான் சங்கச் செயலாளர். வீடு வீடாகப் போய்ச் சம்மதக் கையெழுத்து வாங்கினேன். ஏசிகளிலும் தண்ணீர் மோட்டாரிலும், ஆபீஸிலிருந்தே நிறுத்துகிற கருவியை மாட்டினோம். அவசரத்துக்கு இங்கேயே ஓடவிட ஒரு பொத்தான் வைக்கட்டுமா என்று மாட்ட வந்தவர் கேட்டார். வீண் செலவு என்றேன்.

சோதனைக்கு நான் குறித்த மாலையில்தான் மூன்றாம் மாடி சரோஜா ஆன்ட்டியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பத்திரிகை எங்கள் வீட்டிலேயே கிடந்தது. எந்தப் புடவை கட்டலாம் என்று யோசித்தேனே தவிர, தேதியைப் பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு ஏசிகள் ஓய்ந்தன. மணப்பெண்ணின் கண்மை கன்னத்தை நோக்கிக் கிளம்பியது. முதல் பந்தி எழுந்தபோது தொட்டி காலி, மோட்டார் ஓடவில்லை. லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாப்பிள்ளையின் அப்பா, குழம்புக் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி குழாயடியில் நின்றார். பின்னால் அவர் சொந்தபந்தம் மொத்தமும் அதே கோலத்தில்.

ஆபீஸுக்குப் போன் செய்தேன். கருவியை விடுவிக்கத் தெரிந்த ஒரே ஆள் பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் போனை எடுப்பதற்குள், அப்பா குடிநீர் கேனைச் சுமந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றிக்கொண்டே மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார்.

சரோஜா ஆன்ட்டி கத்தவில்லை. படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.

"ஹவ், ஆமா, கையெழுத்துப் போட்டேன். ஆனா எந்த நேரம் எங்களுக்கு ஆகும், எது ஆகாதுன்னு ஒரு தடவையாவது கேட்டியாடி?"

கேட்பதற்குக் காசில்லை என்று எழுதியவள், கேட்கவே இல்லை.

மறுவாரம் மறுபடியும் எல்லா வீட்டுக்கும் போனேன். துணி துவைப்பதைத் தள்ளிப்போட யாருக்கும் கஷ்டமில்லை. படுத்த படுக்கையான மனைவியின் அறையில் ஏசியை நிறுத்த மட்டும் இரண்டாம் மாடிக்காரர் என்ன கொடுத்தாலும் சம்மதிக்க மாட்டேன் என்றார். கருவி, பொத்தான், முதல் நாளே நினைவூட்டுவது, கூப்பிட்டால் எடுக்க ஓர் ஆள், வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி என்று பூஜ்யம் இருந்த இடத்தில் ஒரு பக்கம் நிறைந்தது. அப்போதும் மின்நிலையத்தைவிட மலிவுதான். ஆனால் இலவசமில்லை. அதுவரை செலவை அண்டை வீட்டார் தலையில் வைத்துவிட்டு, இல்லை என்று எழுதியிருந்தேன். அதையும் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றும் எந்த விசேஷத்தில் பார்த்தாலும், மாப்பிள்ளையின் அப்பா பந்தியிலிருந்து எழுந்ததும் நேரே என்னிடம்தான் வருவார். சாம்பார்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்பார்:

"கழுவிக்கலாமாம்மா? உங்க ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"