ஒரே ஒரு பீஸ் பெங்களூர்

"அண்ணே, இந்த வேஸ்ட் துணி எண்ணெயை நல்லா உறிஞ்சுதுண்ணே. இதே மாதிரி இன்னொரு மூட்டை வாங்கிப் போடுங்க."

நிட்டிங் மிசினின் அடிவயிற்றைச் சந்தோசமாகத் துடைத்துக்கொண்டே சொன்னான் மொக்கைச்சாமி. மதுரைப் பக்கத்து ஆள். வேலையில் புலி. துடைக்க ஆரம்பித்தால் மிசினுக்கே வெட்கம் வருகிற மாதிரித் துடைப்பான்.

சாமியப்பன் அப்போதுதான் கண் விழித்தார். துணி ரோல் மேல் சாய்ந்து ஒரு கோழித் தூக்கம். கனவில் அவர் பெங்களூரில் இருந்தார். கண்ணாடிக் கட்டடத்தில் லிப்ட் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு மேகம் உள்ளே வந்து, "வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க மகன் நிதிஷ் எதிரே வந்தான். கை நீட்டுவதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

விழித்துப் பார்த்தால் மொக்கைச்சாமியின் கையில் வானநீலத்தில் ஒரு துணி. துணியில் ஒரு மேகம், மேகத்தின் மேல் ஒரு பறவை.

"அட நாசமாப் போனவனே! அது வேஸ்ட் இல்லடா! என்ற பையன் கம்பெனிச் சட்டைடா!"

மொக்கைச்சாமி கையிலிருந்ததை விரித்துப் பார்த்தான். "வேஸ்ட் மூட்டைப் பக்கத்துல கெடந்துச்சேண்ணே..."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. திருப்பூரில் பனியன் வேஸ்ட் மூட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிற எந்தத் துணியும் பனியன் வேஸ்ட்தான். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி அங்கே போட்டுவிட்டுத் தூங்கினவர் சாமியப்பன். இனிமேல் யாரைத் திட்டி என்ன பிரயோசனம்?

அந்தச் சட்டையின் அருமையைச் சொன்னால்தான் இது புரியும்.

நல்லூரில் ஊட்டை ஒட்டின செட்டில் சாமியப்பனுக்கு நாலு நிட்டிங் மிசின் ஓடுகிறது. உடம்பு நல்லூரில் இருந்தாலும் மனுசன் குடியிருந்தது பெங்களூரில்தான். நிதிஷ் அங்கே புளூமிஸ்ட் என்கிற சாப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து இப்படி. பெங்களூர் பஸ்ஸில் வருகிற கண்டக்டர் ஒருவர் தயவில் பெங்களூர்ப் பதிப்புப் பேப்பர் தினமும் வந்துவிடும். எந்தத் தெருவில் மரம் சாய்ந்தது, எந்தப் பாலத்தில் வண்டிகள் மணிக்கணக்காக நின்றன, புது ஏர்போர்ட்டுக்குப் போக எவ்வளவு நேரம், எல்லாம் அத்துபடி. டீக்கடைக்குப் போனால், "ஏனுங்க, பெங்களூர்ல இன்னிக்கு என்னங்க கொழம்பு?" என்று கிண்டல் செய்வார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். அங்கே எப்போதும் பனி, பூமரம், குளிர்காற்று. அவர் போனதே இல்லை. "ஒருக்கா வாரேன் கண்ணு" என்றால் நிதிஷ், "இப்ப ரூம் சரியில்லீங்கப்பா, மாத்திட்டுச் சொல்றேனுங்க" என்பான்.

இப்படி மேகத்தில் மிதந்துகொண்டிருந்தவர் தலையில்தான் பேப்பர்க்காரன் கல்லைப் போட்டான். அமெரிக்காவில் என்னவோ ஆகிப்போய், பெங்களூர்க் கம்பெனிகளில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்புகிறார்களாம். சாமியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

பொங்கலுக்கு வந்த நிதிஷ் பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து நீட்டினான். "கம்பெனியில குடுத்தாங்கப்பா. உங்களுக்குன்னே பெரிய சைசு வாங்கினேனுங்க. ஆளை வெளிய அனுப்பற கம்பெனி டீசர்ட் குடுக்குமாங்கப்பா?"

அதானே! சாமியப்பன் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "சாரதா, நம்மூருத் துணி! பெங்களூர்க்காரனும் நம்ம துணியத்தான் போடறான்!"

அன்றிலிருந்து அதைப் போட்டுக்கொண்டால் அவருக்குச் சித்திரை வெயிலிலும் சில்லென்று காற்றடிக்கும்.

சரி, எண்ணெய் பட்டுவிட்டது. இன்னொரு சட்டை மகனிடம் கேட்டு வாங்கலாம் என்றால், அதற்கு நேரமில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டியிலிருந்து பொண்ணு ஊட்டுக்காரர்கள் மாப்பிள்ளை ஊடு பார்க்க வருகிறார்கள். பொண்ணு யாழினி, பி.காம். படித்தது, குணத்தில் தங்கம். அவளுடைய அப்பாவும் பேப்பர் படிக்கிறவர். அதுதான் வம்பு.

"பெங்களூர்ல வேலையெல்லாம் போகுதாமாங்க? உங்க பையனுக்கு நெசமாலுமே நிலையான வேலைதானுங்களா?" என்று போனில் இழுத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம வாங்க. கம்பெனி சட்டையே காட்டறேனுங்க. தொட்டுப் பாத்துக்கங்க!"

வாயைக் கொடுத்தாயிற்று. வேலைச் சான்று கொண்டு வந்து நீட்டினால்கூட நம்மாட்கள் சந்தேகப்படுவார்கள். துணியைத் தேய்த்துப் பார்த்துவிட்டால் மறுபேச்சு இல்லை. அந்தச் சட்டை போனால் சம்பந்தம் போச்சு என்றே சாமியப்பன் நினைத்தார். அதைவிட, ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த பையன் முகம் வாடிப்போகுமே என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை.

"ஏனுங்க, இப்படி இடி விழுந்த மாதிரி உக்காந்தா ஆச்சா? பக்கத்துச் செக்கிங் கம்பெனியில கறை எடுக்கற கன்னு இருக்குதில்லீங்க?" என்றாள் சாரதாமணி.

எக்ஸ்போர்ட் துணியில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் மருந்தை ஊற்றிப் பீச்சுகிற துப்பாக்கி அது. மொக்கைச்சாமி தான் செய்த பாவத்தைத் தானே தீர்ப்பதாகச் சபதம் எடுத்து, துப்பாக்கியை வாங்கிப் பீச்சு பீச்சு என்று பீச்சினான். எண்ணெய் போய்விட்டது.

"போச்சுண்ணே!"

"போச்சா?"

"எண்ணெயும் போச்சு... பறவைக்குத் தலையும் போச்சுண்ணே."

பறவை மட்டுமா? மேகத்தில் பாதி கரைந்து, கம்பெனிப் பேரில் நடுவெழுத்துகளைக் காணோம். பீச்சின இடமெல்லாம் நீலம் வெளுத்துத் திட்டுத் திட்டாக நின்றது.

அன்று சாயங்காலம் கரண்டு போனதும் மிசின்கள் மூச்சை விட்டு நின்றன. அந்த வருசம் தமிழ்நாடு முழுக்க முறை வைத்துக் கரண்டை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சாமியப்பனுக்கு அதில் வருத்தமே இல்லை. கரண்டு போனால் நிதிஷ் போன் வரும். நம்ம மிசின் நிற்கிற நேரம் பார்த்துக் கூப்பிடுகிறானே, எத்தனை பாசம்! ஊரே இருட்டிக்கொண்டு அமைதியாகிவிடும். வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டுப் போனைக் காதில் வைத்தால் மகன் குரலோடு பெங்களூர்க் காற்றும் வருகிற மாதிரி இருக்கும்.

"ஏன் கண்ணு, அங்க ஒரே மழையாமா? ரோடெல்லாம் தண்ணி ஓடுதாமா?"

"அது... இல்லீங்கப்பா. எங்க பக்கம் நல்ல வெயிலுங்க."

"பாத்தியா சாரதா, பேப்பர்க்காரன் எப்படிப் புளுகறான்னு! அப்பறம் கண்ணு, ஞாயித்துக்கெழம வீரபாண்டிக்காரங்களுக்குச் சட்டையக் காட்டப் போறேன்."

"ஐயோ, அதையெல்லாம் எதுக்குங்கப்பா வெளிய காட்டறீங்க? பீரோல பத்திரமா வெச்சுருங்க. யாருக்கும் காட்ட வேண்டாமுங்க."

"பீரோலதான் கண்ணு இருக்குது" என்று சாமியப்பன் தன் வாழ்க்கையிலேயே பெரிய பொய்யைச் சொன்னார். போனை வைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எத்தன அடக்கம் பாரு சாரதா. பெரிய கம்பெனியில இருக்கறோம்னு துளி பந்தா உண்டா?"

மறுநாள் மொக்கைச்சாமி புது யோசனையோடு வந்தான். "அண்ணே, வெளுத்த எடத்துக்குச் சாயம் ஏத்திட்டா முடிஞ்சது. வீரபாண்டிச் சாயப்பட்டறையில நம்ம ஊர்ப் பய இருக்கான். நீலத் துணி லாட் ஓடும்போது உள்ள போட்டு எடுத்துருவான்."

உள்ளே போட்டு எடுத்தான். அன்று ஓடினது நீல லாட் இல்லை.

சட்டை கத்திரிப்பூ நிறத்தில் திரும்பி வந்தது. அதுகூடப் பரவாயில்லை. கொதிக்கிற தண்ணீரில் குதித்துக் குதித்து அது பால்வாடிக் குழந்தை சைசுக்குச் சுருங்கியிருந்தது. சாமியப்பன் விடாமல் தலையை நுழைத்துப் பார்த்தார். தலை மட்டும் போனது. கழுத்து மாட்டிக்கொண்டது. சாரதாமணி ஒரு பக்கமும் மொக்கைச்சாமி ஒரு பக்கமும் நின்று இழுத்து எடுத்தபோது அவர் மூக்கு சிவந்திருந்தது.

"நிறம் உங்களுக்கு எடுப்பாத்தானுங்க இருக்குது" என்றாள் சாரதாமணி, சிரிப்பை முந்தானையில் அடக்கிக்கொண்டு.

"எல்லாருக்கும் நக்கலாப் போச்சு" என்று முனகிக்கொண்டே சாமியப்பன் போய்ச் செட்டில் உட்கார்ந்தார். நாலு மிசினும் நூலைச் சுற்றிச் சுற்றி இழுத்துத் துணியாக இறக்கிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் கண் சொருகியது. மறுபடியும் லிப்ட், மறுபடியும் மேகம். இந்தத் தடவை மேகம் நாற்காலி போடவில்லை. "ஏனுங்க, நாலு மிசினை ஊட்டுல வெச்சுக்கிட்டு ஒரு சட்டைக்கு அழுவறீங்க?" என்று கேட்டது.

சாமியப்பன் துள்ளி எழுந்தார். முருகா! சென்னிமலையான் மேகத்தின் வாயில் வந்து சொல்லியிருக்கிறான்!

அதற்கப்புறம் செட்டில் ஒரே கல்யாணக் களை. பொங்கலன்று அந்தச் சட்டையோடு எடுத்த போட்டோவைப் பார்த்து, போன லாட்டில் மீந்த வானநீலத் துணியைத் தேடி எடுத்தார்கள். மொக்கைச்சாமி வெட்டினான். பக்கத்துத் தெரு டெய்லரம்மா குப்பாயி தைத்துக் கொடுத்தாள். சாமியப்பன் துணியைத் தேய்த்துப் பார்த்தார். அச்சு அசல் அதே சட்டை. துணி கொஞ்சம் ஒசத்தி என்றுகூடத் தோன்றியது. மேகமும் பறவையும் பேரும் அடித்துவிட்டால் முடிந்தது.

அங்கேதான் சிக்கல். நல்லூரில் பிரிண்டிங் போடுகிறவர்கள் யாரும் ஒரு பீசைக் கையால் தொட மாட்டேன் என்றார்கள்.

"ஆயிரம் பீஸ்னா சொல்லுங்க. ஒரு பீசுக்குன்னு அச்சு ஸ்கிரீன் போட்டா நாங்க மண்ணத்தான் திங்கோணும்."

"ஆயிரம் பேருக்கு நான் எங்கீங்க போவேன்? எனக்கு ஒரே ஒரு பையனுங்க!"

கடைசியில் ஒருத்தர் மனமிரங்கி வழி சொன்னார். "அருள்புரத்துல ராபின்னு ஒரு ஆளு இருக்காருங்க. தூத்துக்குடிக்காரரு. ஒரு பீசா இருந்தாலும் மூஞ்சி சுளிக்காம அடிச்சுத் தருவாரு."

சனிக்கிழமை சாயங்காலம் சாமியப்பன் புதுச் சட்டையையும் பொங்கலுக்கு எடுத்த போட்டோவையும் மடியில் கட்டாத குறையாக எடுத்துக்கொண்டு டிவிஎஸ்ஸில் கிளம்பினார். பல்லடம் ரோட்டில் காற்று முகத்தில் அடித்தது. மேற்கே மேகம் திரண்டு, கம்பெனிகளின் தகரக் கூரையெல்லாம் ஊதா நிறத்தில் கிடந்தன. ஷிப்ட் முடிந்த பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு கணம் அவருக்கு அது பெங்களூராகவே தெரிந்தது. அடுத்த திருப்பத்தில் நிதிஷ் நின்று கை காட்டுவான் போல இருந்தது. தான் நினைப்பதை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

ராபின் கடை சின்னது. பெயிண்ட் வாசம். சுவரில் மாதா படம், ஓரமாக அடுக்கி வைத்த பழைய ஸ்கிரீன்கள். எதிர்த்தாற்போல ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி. பக்கத்தில் டீக்கடை.

"அண்ணாச்சி, உள்ள வாங்க. என்ன வேணும்?"

சாமியப்பன் போட்டோவை நீட்டினார். "இந்தச் சட்டையில இருக்கற மாதிரியே அடிக்கோணுமுங்க. பெங்களூர்ல பெரிய சாப்ட்வேர் கம்பெனிங்க. மேகம், பறவை, பேரு... எவ்வளவு நேரமானாலும் இருந்து வாங்கிட்டுப் போறேனுங்க. என்ற பையன் வாழ்க்கையே இதுலதானுங்க இருக்குது."

ராபின் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சிரித்தான். "இதுக்கா இவ்வளவு கவலப்படுதிய?" என்று அடுக்கிலிருந்து ஒரு ஸ்கிரீனை உருவித் தூசி தட்டினான். "இந்தா, இருக்குல்லா!"

அதே மேகம். அதன் மேல் அதே பறவை, தலையோடு.

சாமியப்பனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. துணிதான் நம்மூர் என்று நினைத்தால், பிரிண்டும் நம்மூரா! பெங்களூரின் அத்தனை கண்ணாடிக் கட்டடங்களும், லிப்ட்டும், பனியும் திருப்பூரில் ஒரு சந்துக்குள் அச்சாகி வெளியே போகிற மாதிரி ஒரு காட்சி அவர் கண் முன்னால் மிதந்து வந்தது.

"அப்ப அந்தக் கம்பெனி மொத்த ஆர்டரும் உங்ககிட்டத்தானுங்களா?"

பட்டென்று கரண்டு போனது. எதிர்க் கம்பெனியின் சத்தம் மொத்தமும் அடங்கியது. சாமியப்பனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நிதிஷ்.

"என் கண்ணு! நூறாயுசு!" என்று பூரித்துப் போய்ப் பட்டனை அமுக்கப் போனார்.

ராபின் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டே சொன்னான்: "மொத்த ஆர்டரா? ஒரே ஒரு பீஸுதான் அண்ணாச்சி, எங்கப்பாவுக்குன்னு சொல்லி அடிச்சு வாங்கிட்டுப் போச்சு, இந்த எதுத்த கம்பெனியில வேல பாக்குற ஒரு தம்பி... அந்தா, கரண்டு போனதும் நம்ம வாசல்ல வந்து போனக் காதுல வச்சுக்கிட்டு நிக்குதுல்லா, அந்தத் தம்பிதான்."