இரண்டாவது முறையும் தோல் கேட்கிறார்கள்

மியூனிக்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் யோசப்புக்கு,

மடு மாதாவின் காவலில் இவ்விடம் நானும் உமது தங்கை சிசிலியும் மகன் ஜூலியனும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீர் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிற ஆள். புஸ்பவதி மச்சாளின் காதில் விழுந்தால் அடுத்த கோயில் மணி அடிக்குமுன் மன்னார் முழுக்கத் தெரிந்துவிடும். வாசித்துவிட்டுக் கிழித்துவிடும். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.

ஜூலியன் இங்கே கார்ஹிங் பல்கலைக்கழகத்தில் டொக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறான் என்று பெருமையடித்துத் திரிந்தேனே, அது என்ன ஆராய்ச்சி என்று இப்போதுதான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. நம் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பழுதான சாமான் குப்பையாய்ச் சேருமாம். கலம் அந்தக் குப்பையைத் தானே தின்று, அதிலிருந்தே புதுச் சாமான் செய்துகொள்ளுமாம். வயது போகப்போக அந்த வேலை மந்தமாகிவிடும், நடுக்க வியாதிக்கும் மறதி வியாதிக்கும் அதோடு தொடர்பிருக்கிறது என்கிறான். எங்கள் கட்டடத்தில் ஒரு கிழமை குப்பை எடுபடாவிட்டால் கீழ்வீட்டு ஜெர்மன்காரி போடுகிற கூச்சல் எனக்குத் தெரியும். அதே குப்பை என் தலைக்குள் கிடந்தால் யார் கூச்சல் போடுவது? என் பெரியண்ணை கை நடுங்கி நடுங்கி, கடைசியில் கரண்டிகூடப் பிடிக்க முடியாமல் போய்ச் சேர்ந்ததை நீரும் பார்த்தீர்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத வயதானவர்களின் தோல் வேண்டும் என்று மகன் கேட்டபோது, நோயில்லாதவன் என்ற மதிப்பில் மயங்கிக் கையை நீட்டிவிட்டேன். கடுகளவு எடுத்தார்கள், அதைத் தட்டில் வைத்து வளர்த்துப் பார்ப்பார்களாம். சில கிழமை கழித்து வந்து, என் முகத்தைப் பாராமல், "அப்பா, இன்னொருக்காத் தோல் தரவேணும்" என்றான்.

"ஏன், முந்தினதில என்ன கண்டனீங்கள்?"

"அது சரிவரேல்லை. பிறகு சொல்லுறன்."

அன்றிலிருந்து இன்னொரு மாற்றம். இந்தக் குளிருக்குத் தோசை மாவைக் கையால் கலந்தால்தான் புளிக்கும், அதற்கும் இளங்கை வேண்டும் என்பது என் சட்டம். காலையில் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகுமுன் அவன்தான் முழங்கைவரை விட்டுக் கலப்பான். இப்போது, "இனி நான் மாவில கை வைக்கமாட்டன்" என்கிறான். தகப்பன் சாப்பிடுகிற சாமானைத் தொட மகன் அஞ்சுகிறான் என்றால் என் தோலில் எதைக் கண்டிருப்பான்?

நானும் சும்மா இருக்கவில்லை. குடும்ப டொக்டரைப் பார்க்க டெர்மின், அதுதான் நாள் குறித்துத் தரச்சொல்லிக் கேட்டேன். நவம்பரில் தந்தார்கள், மரித்தவர்களுக்காக மன்றாடுகிற மாதம். பட்டினி கிடந்தால் கலம் குப்பையை வேகமாய்த் தின்னும் என்று மகன் ஒருதரம் சொன்னது நினைவுக்கு வர, சாப்பாட்டை விட்டேன். அடுத்த நாளே ஊபான் ரயிலில் தலைசுற்றி, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் மடியில் விழுந்து, அவள் இரக்கப்பட்டு வாழைப்பழம் தர, அதைத் தின்றதில் விரதமும் போய் மரியாதையும் போய், அதே பெட்டியில் இருந்த தமிழ்ச்சனம் ஒன்று சிசிலிக்குப் போன் எடுத்து மடியை மட்டும் சொல்லிவிட்டது. பிறகு கையை நீட்டி மேலே ஒரு கடதாசியை வைத்துப் பார்த்தேன். நடுங்கியது.

"காலமையில இருந்து கையை நீட்டிக்கொண்டு நிண்டா ஆருக்கும் நடுங்கும்" என்றாள் சிசிலி. அவளுக்கு விளங்காது.

ஆகவே மச்சான், மடுவில் பெயர் சொல்லாமல் ஒரு பூசை ஒப்புக்கொடும். உமது வீட்டில் நிற்கும் என் றலி சைக்கிளை இனி நீரே வைத்துக்கொள்ளும். ஜூலியனைக் குறை நினைக்காதேயும். பெற்ற தகப்பனிடம் இப்படிச் செய்தியைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

உமக்கும் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் மாதாவின் கரம் துணைநிற்க வேண்டி,
இந்தக் கோணல் கையெழுத்தின் காரணத்தை நீர் அறிவீர் என்று நம்பும்,
வின்சன்ற்

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். சிசிலி அதட்டியதில் பெடியன் உண்மையைக் கக்கிவிட்டான். என் தோல் வளர்ந்த தட்டில் ஈஸ்ட் முளைத்துவிட்டதாம், தோசை மாவிலிருந்து இவன் கையோடு போனது. கூட வேலை செய்கிறவர்களின் தட்டுகளும் நாசம். யார் வீட்டில் ஈஸ்ட் போட்டுப் பாண் சுடுகிறீர்கள் என்று பேராசிரியர் ஒவ்வொருவராய்க் கேட்க, இவன் தோசையைச் சொல்ல வெட்கப்பட்டு நின்றிருக்கிறான். என்னிடம் சொன்னால் என் சட்டத்தைப் பழி சொன்னதாய்ப் போகுமென்று பயமாம். சிசிலி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கிறாள். நானும் சிரித்தேன். பிறகுதான் விளங்கியது, என் தோலை இன்னும் ஒருவருமே பார்க்கவில்லை. புதன்கிழமை மறுபடியும் எடுக்கிறார்கள். சைக்கிளில் கை வைக்க வேண்டாம். பூசையை நிறுத்தவும் வேண்டாம். என் பெயரைச் சொல்லியே ஒப்புக்கொடும்.