நீ வரைந்த தோட்டத்தில் எல்லோரும் நலம்

அன்புக்கும் அறிவுக்கும் குறைவில்லாத என் பேத்திக்கு,

உன் பாட்டி எழுதிக்கொள்வது. என் உடம்பு அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது, நானும் அதை ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு. போனில் சொல்லலாம் என்றால் "மீட்டிங்ல இருக்கேன் பாட்டி, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். கடிதத்துக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, ஆரம்பித்தால் முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், வேலையைப் போட்டுவிட்டு நீ இங்கே வர வேண்டாம். எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வரைந்த தோட்டத்தில் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரிவதில்லை.

விஷயம் என்னவென்றால், இந்த முதியோர் இல்லத்து முதலாளியம்மா இன்னொரு இல்லம் கட்டுகிறார். அந்தத் தோட்டத்தையும் வரைய உன்னிடமே கொடுப்பதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று முடிவு செய்ய, நேற்று இங்கே நேரில் பார்க்க வருவதாக இருந்தது. மேனேஜர் இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள், ஆனால் ஒரு காரியம் எந்த ஆணியில் தொங்குகிறது என்று பார்க்கத் தெரியும். முதலாளியம்மா வரும்போது தோட்டம் நிறைய ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொறுப்பை என் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டேன். உன்னைக் கேட்டிருப்பேன், நீ மீட்டிங்கில் இருந்தாய்.

ஆள் சேர்ப்பது நான் நினைத்த மாதிரி இல்லை கண்ணு. யாரும் வழி தவறிவிடக் கூடாது, எந்தப் பக்கம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும் என்று நீ பாதையை வட்டமாகப் போட்டாய். அந்த மூளை என் வழியில் வந்தது என்று நான் சொல்லாத ஆள் இங்கே இல்லை. ஆனால் ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய ஒருவர் இருக்கிறார், டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறோம், அவர் சாப்பாட்டுக் கூடத்தில் புறப்பட்டு ஒரு சுற்று நடந்து மறுபடி சாப்பாட்டுக் கூடத்துக்கே வந்து நின்று, "என்னம்மா, உங்க பேத்தி டிப்போவுல இருந்து டிப்போவுக்கே ரோடு போட்டிருக்கா" என்றார். அன்றிலிருந்து அவர் முன்னால் நடக்க, பின்னால் நாலு பேர் நடக்க, "மீன் குளம் வருது, இறங்கறவங்க இறங்கலாம்" என்று குரல் கொடுப்பதும், ஒருவரும் இறங்காமல் மொத்த வண்டியும் சாப்பாட்டுக் கூடத்தில் போய் நிற்பதும், இன்னும் உலையே வைக்கவில்லை என்று சமையல்காரர் கரண்டியோடு வெளியே வருவதுமாக இருக்கிறது. குனியாமல் செடி நடலாம் என்று இடுப்பு உயரத்துக்குத் தொட்டி கட்டினாயே, அதன் மேல் கேரம் போர்டு ஏறிவிட்டது. விழுந்த காயைச் செடிக்குள் துழாவுகிற சாக்கில் களை மட்டும் ஒழுங்காக எடுபடுகிறது. போதாததற்கு, குளத்தைப் பார்க்க நீ போட்ட பெஞ்சுகளில் ஒன்றை யாரோ முன்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பேர் சேராமல் அசைக்க முடியாத பெஞ்சு அது. யார் வேலை என்று மேனேஜர் விசாரித்தார், நானும் கூடச் சேர்ந்து சத்தமாகவே விசாரித்தேன், ஆள் மட்டும் அகப்படவில்லை.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பெரிய வில்லங்கம் அந்தக் கறுப்புக் கல்தான். பாதைக்குக் குறுக்கே அழகுக்காக ஒரு பட்டை பதித்திருக்கிறாய். உன் கண்ணுக்கு அது கல். எங்கள் கண்ணுக்கு அது பள்ளம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்த டீச்சரம்மா அதன் முன்னால் நின்று கைத்தடியால் தட்டிப் பார்த்து, "காதுக்குக் கல்லு மாதிரிதான் கேக்குது, கண்ணுக்குப் பள்ளமாத் தெரியுது, இதுல யாரை நம்பறது" என்று நின்றுவிட்டார். அவர் நின்றதும் பின்னால் சக்கர நாற்காலி நின்றது, அதன் பின்னால் டிரைவர் நின்றார், கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வரிசை நீண்டுவிட்டது. என் பேத்தி பள்ளம் வெட்டுகிறவளா என்று நான் முன்னால் வந்து வீறாப்பாக நடந்தேன். கடைசி நொடியில் என் கால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தானாக உயர்ந்து, வாய்க்காலைத் தாண்டுகிற மாதிரி தாண்டிவிட்டது. "பாருங்க, அவங்களே தாண்டறாங்க" என்றார் டீச்சரம்மா. அத்தோடு போச்சு. ஒரு ஈ காக்கை கூட அந்தப் பக்கம் போகவில்லை.

என்ன செய்வேன் சொல். நேற்றுக் காலையில் அறை அறையாகப் போய் எல்லோருடைய முகப் பவுடர் டப்பாவையும் வாங்கி வந்து, அந்தக் கறுப்புப் பட்டை முழுக்கக் கொட்டி வெள்ளையாக்கிவிட்டேன். வழுக்கினால் எலும்பு தேறாது என்று டிரைவர் பயந்ததால், தோட்டக்காரர் மேலே லேசாகத் தண்ணீர் தெளித்தார், அது மாவு மாதிரி படிந்துகொண்டது. வெள்ளையானதும் பள்ளம் தூர்ந்துவிட்டது. டீச்சரம்மாவே கைவீசி நடந்தார். தோட்டம் நிறைந்தது, வாசனை வேறு கமகமத்தது. உனக்கு வேலை கிடைத்த மாதிரிதான் என்று நான் மனசுக்குள் முடித்துவிட்டேன்.

முதலாளியம்மா சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் கதை அங்கேயே சுபம். அவர் வரவில்லை, காய்கறி வண்டி வந்தது. வாசலில் ஹாரன் கேட்டதுதான் தாமதம், தோட்டத்தில் இருந்த அத்தனை பேரும் மந்திரம் போட்ட மாதிரி எழுந்து முன்வாசலுக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்பக் கூட்டி வரத்தான் நானும் போனேன். கால் கடுத்ததால் அந்தப் பெஞ்சில் சும்மா உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து முதலாளியம்மாவின் கார் வந்திருக்கிறது, காய்கறி வண்டி மறைத்ததில் எங்கள் கண்ணில் படவில்லை. வாசலை வண்டி அடைத்துக்கொண்டு நின்றதால் மேனேஜர் அவரைச் சமையலறைப் பக்கமாக நேரே தோட்டத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே மீனைத் தவிர ஆள் இல்லை. ஆனால் வெள்ளை வெள்ளையாகச் செருப்புத் தடம், கைத்தடிப் புள்ளி, சக்கர நாற்காலியின் இரட்டைக் கோடு, எல்லாம் பாதையை விட்டு இறங்கி, புல்லைக் கடந்து, கட்டடத்தைச் சுற்றி, ஒரே திசையில் போயிருந்தது. அம்மாள் தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் எதிரே நின்றார். நான் செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன்.

இவ்வளவு அழகான தோட்டத்தை விட்டுவிட்டு வண்டிப் புகையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, ஏன் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உன் வேலை போயிற்று என்றே நினைத்தேன். டிரைவர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அங்க பூ வருதும்மா. இங்கதான் ஆள் வருது."

முதலாளியம்மா உட்கார இடம் தேடினார். பெஞ்சில் ஒரு இடம் இருந்தது, ஆனால் அதில் யாருடைய கைப்பையோ இருந்ததால் டீச்சரம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் உட்கார்ந்த நேரத்தில் பால் வண்டி வந்தது, தபால்காரர் வந்தார், யாரோ ஒருவரின் மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அம்மாளும் எங்களோடு சேர்ந்து அவள் செருப்பிலிருந்து கொண்டை வரை பார்த்தார். எழுந்திருக்க மனசே இல்லை அவருக்கு. கடைசியில், புது இல்லத்து வேலை உங்கள் பேத்திக்குத்தான், ஆனால் அங்கே ஒரு கோடு போடுவதற்கு முன்னால் இந்தப் பெஞ்சில் ஒரு நாள் முழுக்க வந்து உட்கார வேண்டும், கறுப்புக் கல் கூடவே கூடாது என்றார். என் பேத்திக்குத் தலைக்கு மேல் வேலை, சும்மா உட்கார அவளுக்கு ஏது நேரம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். உன் நன்மைக்காக ஒப்புக்கொண்டேன். ஆகவே வேறு வழியில்லாமல் நீ வர வேண்டியிருக்கிறது.

நீ வைத்த செடி வேர் பிடிக்கட்டும், நீ போட்ட பாதையில் யார் காலும் இடறாமல் இருக்கட்டும். உன் அம்மாவுக்கு என் அன்பு, அவளையும் போன் எடுக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் தோட்டத்துக் குளத்தைப் பார்த்தபடி பெஞ்சில் அமர்ந்து இதை எழுதும்,
பாட்டி

பின்குறிப்பு: குளத்தைப் பார்த்தபடி என்று எழுதிவிட்டேன். இந்தப் பெஞ்சிலிருந்து குளம் தெரியாது, தெருமுனைதான் தெரியும். டிரைவர் ஒரு பக்கம் தூக்கினார், மறுபக்கம் யார் என்று உனக்கே தெரிந்திருக்கும். இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளினால் கார் திரும்புவது முதலிலேயே தெரியும் என்று இடம் பார்த்ததும் அந்த ஆள்தான். எப்போது வருகிறாய் என்று எழுத வேண்டாம், நீ முனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும். பெஞ்சில் இருக்கும் அந்தக் கைப்பையில் வேறு யாராவது கை வைத்தால் "அது ரிசர்வ் பண்ண சீட்டு" என்று டிரைவர் சத்தம் போடுவார். நீ எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்.